மலேசியாக்காரருக்கு எதற்கு மலிவு மருந்து?

வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே என் பெயரைக் கூப்பிடுகிற அப்பாவுக்கு,

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மா திதிக்கு வேண்டியதை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார். படத்தில் மட்டும்தான் எங்களுக்குள் தகராறு. இந்தியாவில் செல்லமுத்து சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்கிறார் அம்மா. பட்டுச் சட்டை போட்டு, மேல் பட்டனைத் திறந்துவிட்டு, தடித்த சங்கிலி தெரியும்படி நீங்கள் நிற்கும் படம்.

எனக்கு அந்தப் படம் வேண்டாம். அது தோட்டத்தில் உங்களை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுச் சங்கிலி, அப்பா. நாம் மலேசியாவுக்குத் திரும்பிய மறுநாளே அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நான்தான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்காத ஆள் நம் ஊர் கோலா கெத்திலில் இல்லை. அப்படிப்பட்ட என்னை ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணி நகரத்து மண்டபத்தில், மருந்து விலையைப் பற்றிய கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். அரசாங்கத்திலிருந்து அதிகாரிகள் வருவார்களாம். பேச மாட்டேன், எழுதி வாசிக்கிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் 'மதிப்பிற்குரிய அதிகாரிகளே' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. உங்களுக்கு என்றால் வருகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

பதினைந்து வயதில் நான் படிவம் மூன்று படித்த வருடம் உங்களுக்கு உடம்பு இளைக்கத் தொடங்கியது. செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கொல்லி அடித்துவிட்டு வந்து, முதுகுத் தொட்டியை இறக்கி வைக்கக்கூட முடியாமல் வாசலில் உட்கார்ந்துவிடுவீர்கள். கோலா கெத்தில் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். உங்களோடு போய்வர ஆள் வேண்டும், அம்மா செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்த டாக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயது, மலாய்க்காரர், உங்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். இது ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் இந்த வகைக்கு மாத்திரை இருக்கிறது, தினமும் விடாமல் சாப்பிட்டால் வேலைக்கும் போகலாம், பேரப் பிள்ளைகளையும் பார்க்கலாம் என்றார். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "மாத்திரைதானே! இதுக்கா உங்கம்மா மூணு நாளா அழுவுறா?" என்றீர்கள்.

பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார். அந்த மாத்திரையை ஆஸ்பத்திரியில் கொடுப்பதில்லை. வெளியில் வாங்க வேண்டும். ஒரு மாதத்து மாத்திரைக்கு உங்கள் நாலைந்து மாதச் சம்பளம் போதாது. கண்டுபிடித்த கம்பெனியிடம் காப்புரிமை இருக்கிறது, வேறு யாரும் செய்து விற்க முடியாது. உலகத்தில் மிகவும் ஏழையான நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டும் அந்தக் கம்பெனியே அந்த உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறது. இந்தியாவில் அதே மருந்தைச் செய்து மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. நம்முடையது ஏழை நாடு இல்லையாம். இதைச் சொல்லும்போது அந்த டாக்டர் நம்மைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது டாக்டர் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாத்தியாம்மா, நம்ம நாடு பணக்கார நாடாம்லா," என்றீர்கள். நீங்கள் கிண்டலாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. உங்கள் குரலில் கொஞ்சம் பெருமைதான் இருந்தது.

நான் ஷேக் பாயின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் நோயைப் பற்றி பாயிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருக்கிறார். பாய் வருடத்துக்கு ஒருமுறை இந்தியாவுக்குப் போய்த் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தடவை டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் கல்லாவில் உட்காருவதற்கு முன்னால் அடுப்படிக்கு வந்து ஒரு பையை என் கையில் கொடுத்தார். "ஒங்கப்பாட்ட சொல்லு, இது எல்லாம் தின்னு முடிச்சிட்டு என் கடையில வந்து ஓசியில டீ குடிக்கணும்னு."

நீங்கள் வந்து குடித்தீர்கள், அப்பா. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த மாத்திரை வேலை செய்தது. கன்னம் நிரம்பியது. பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டீர்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தாலும் சரி, இதை இடையில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் திரும்ப அடங்காது என்றார்.

பை காலியாகிக்கொண்டே வந்தது. பாய் தன் மைத்துனரை அனுப்பச் சொன்னார். அவர் ஒருமுறை அனுப்பினார், அடுத்ததை மறந்துவிட்டார். பாய் உங்களை உட்கார வைத்துப் பேசியது எனக்கு அடுப்படிக்குள் கேட்டது.

"மச்சான், மாசாமாசம் அனுப்ப அங்க ஒங்க ஆளு ஒருத்தர் வேணும். எம் மைத்துனன் மறப்பான். சொந்தம்னா மறக்காதுல்ல? ஊர்ல யாரும் இல்லியா ஒங்களுக்கு?"

"யாரும் இல்ல பாய்," என்றீர்கள்.

யாரும் இல்லையா? ஒவ்வொரு தீபாவளிக்கும் நாம் யாருக்குப் பார்சல் கட்டினோம்? மைலோ டின், தைலப் புட்டி, பிஸ்கட் பெட்டி, கைலி. பெட்டியின் மேல் செல்லமுத்து சித்தப்பாவின் விலாசத்தை என் கையால்தான் எழுத வைப்பீர்கள். நம் வீட்டில் மைலோ கிடையாது. நான் அதைக் குடித்தது மண்டோர் வீட்டு விசேஷங்களில்தான். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் மழை ஒழுகும், பாத்திரம் வைத்துப் பிடிப்பார்கள், இந்தியாவுக்குப் பார்சல் மட்டும் நிற்காது. அங்கே போனால் வாடகைக் கார், இரவல் சங்கிலி. நீங்கள் உங்களைத் தோட்டத்துக் கிராணி என்று சொல்லி வைத்திருந்தீர்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க நாட்டுல ஆஸ்பத்திரிக்கு எங்க காசுல ஒரு வெள்ளிதாண்டா" என்று நீங்கள் சொன்னபோது கல்யாணப் பந்தலில் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அவரிடம் எப்படி மருந்து கேட்பீர்கள்? எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் உங்களிடம் சொல்லாமல் நானே கேட்டேன்.

போன் செய்யத் தைரியம் இல்லை. கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று என் போனிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். சித்தப்பா, நான் கலைவாணி பேசுறேன் என்று ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் உங்கள் போனுக்கு அவர் கூப்பிட்டார். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். வேலை முடிந்து வந்த களைப்பில் போனை நெஞ்சின் மேல் வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டிருந்தீர்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, சௌக்கியமா? ஒரு கூத்தக் கேளுங்க. ஒங்க பொண்ணு பேரச் சொல்லி ஒருத்தி வாய்ஸ் போட்டிருக்கா. ஒங்களுக்கு ரத்தத்துல புத்துநோயாம். இங்கேருந்து மலிவு மாத்திர வாங்கி அனுப்பணுமாம். மலேசியாக்காரருக்கு எதுக்குண்ணே மலிவு மருந்து? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள், அப்பா.

"ஆமாடா, இப்ப இதெல்லாம் சகஜம்," என்றீர்கள். "ஏமாத்துக்காரியா இருப்பா. ஒண்ணும் அனுப்பிடாத."

"அழுதுக்கிட்டே பேசுறாண்ணே! நல்லா நடிக்கிறா. எனக்கே ஒரு நிமிசம் திக்குனு ஆயிப்போச்சு. ஒங்க பொண்ணு கொரல நான் எங்க கேட்டிருக்கேன், போன்ல வான்னா ஓடிருமே அது."

"நடிப்பாளுங்க. அந்த நம்பர பிளாக் பண்ணிடு."

பிறகு தீபாவளிப் பார்சலைப் பற்றிப் பேசினீர்கள். இந்த வருடம் கொஞ்சம் தாமதமாகும் என்றீர்கள். போனை வைத்ததும் என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். "தண்ணி கொண்டா."

கொண்டு வந்தேன். நீங்கள் குடித்தீர்கள். நாம் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. நீங்கள் ஒருநாள் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். பை காலியானது. கன்னம் பழையபடி ஒட்டியது. மறுபடியும் மாத்திரை வந்தபோது, பாய் யார் யாரையோ பிடித்து வரவழைத்தது, டாக்டர் இனி பயனில்லை என்றார்.

நீங்கள் இறந்த அன்று சித்தப்பாவுக்கு அம்மாதான் சொன்னார். "திடீர்னு நெஞ்சு வலிங்க, தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." உங்கள் உடல் நடுவீட்டில் கிடக்கும்போது அம்மா அப்படிச் சொன்னார். சித்தப்பா அங்கே குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்ல மனிதர், அப்பா. உண்மை தெரிந்திருந்தால் தன் மாட்டை விற்றாவது அனுப்பியிருப்பார். அவருக்கு இன்றுவரை தெரியாது. என் எண் இன்னும் அவர் போனில் தடுப்பில்தான் இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக அந்தக் கோபம் உங்களோடு நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால், மருந்துக் கம்பெனியும் சித்தப்பாவும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மலேசியாக்காரருக்கு எதற்கு மலிவு மருந்து? சித்தப்பாவிடமாவது நீங்கள் பொய் சொல்லி வைத்திருந்தீர்கள். கம்பெனியிடம் யார் சொன்னது?

அதை எனக்கு விளக்கியவர் லோகா அக்கா. சுங்கைப் பட்டாணிக்காரர். அவர் தம்பிக்கும் உங்களுக்கு வந்த அதே நோய். காரை விற்று மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், அதுவும் இன்னும் கொஞ்ச மாதத்துக்குத்தான் வரும். இந்த நோய் வந்த வீடுகளைத் தேடிக்கொண்டு வந்தவர், உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு பாய் கடைக்கும் வந்தார். நான் அடுப்படியிலிருந்துதான் கேட்டேன்.

"காப்புரிமைன்னா ஒண்ணும் இல்ல பாய். புதுசா ஒரு மருந்து கண்டுபிடிச்சா, இருபது வருசத்துக்கு அவங்க மட்டுந்தான் செய்யலாம், விக்கலாம். அவங்க வச்சதுதான் வெல."

"அப்ப எம் மீன்தலைக் கறிக்கும் ஒண்ணு எடுத்துட வேண்டியதுதான்," என்றார் பாய்.

கல்லுக்கு முன்னால் ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்த கடை ஆள் சுப்ரா அண்ணன் திரும்பாமலே சொன்னார். "ஒங்க கறிய எவனும் திருட மாட்டான் பாய். நீங்க நிம்மதியா தூங்குங்க லா."

கடையே சிரித்தது. லோகா அக்காவும் சிரித்தார். பிறகு கேட்டார், "சரி பாய், ஒங்க கறி இல்லன்னா ஒருத்தன் செத்துருவான்னு வச்சிக்குங்க. அப்ப?"

பாய் கல்லாவை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப அரசாங்கம் நடுவுல வரலாம். ஒனக்கு ஒரு ஈடு குடுத்துடறோம், மத்தவங்களும் செய்யட்டும்னு சொல்லலாம். நம்ம நாட்டுச் சட்டத்துலயே எடம் இருக்கு. கல்லீரல் நோய்க்கு ஒரு தடவ செஞ்சும் இருக்காங்க."

"அப்புறம் இதுக்கு ஏன் செய்யல?"

"யாரு கேட்டா? நோயாளிங்க செத்துப் போயிடறாங்க. வீட்டுல உள்ளவங்க வாயத் தெறக்கறதில்ல."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அங்கே இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது. ஆனாலும் என் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது.

அந்தக் கம்பெனி செய்தது கெட்ட காரியம் என்று லோகா அக்காகூடச் சொல்லவில்லை. பாய் என்னை வெளியே கூப்பிட்டு யாரென்று சொன்ன பிறகு, தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கோ தூர நாட்டில் ஒரு பெண், நம் அம்மா வயது, மாத்திரை அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் பட்டியலால் பிழைத்தவர். அவர் நன்றாக இருக்கட்டும். அவருக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டுக் கூரையும் நம் வீட்டுக் கூரையும் ஒரே தகரம்தான், அப்பா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி அடித்த இடத்தில் துரு வழிந்திருப்பதுகூட ஒன்றுபோல இருந்தது.

நாட்டின் வருமானத்தை எல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்துத்தான் எது ஏழை நாடு என்று முடிவு செய்கிறார்களாம். அப்படி வகுத்தபோது உங்கள் தலைக்கும் ஒரு பங்கு எழுதியிருப்பார்கள். அது யார் வீட்டுக்குப் போனது? ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரிகளிடம் கேட்க எனக்கு இருக்கும் ஒரே கேள்வி அதுதான். மற்றதெல்லாம் லோகா அக்கா கேட்பார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கூட்டத்தைப் போனில் நேரடியாகக் காட்டுவார்கள், எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுமில்லை.

"செல்லமுத்து பாப்பாரு. ஊரே பாக்கும். சாவுற வரைக்கும் ஒங்கப்பா கட்டிக் காத்த மானத்த நீ போயி மைக்ல ஒடைக்கப் போறியா? நாலு பேரு முன்னால நிக்கத் தெரியாத கழுத, இதுக்கு மட்டும் ஒனக்கு வாய் வந்துருச்சா?"

"அந்த மானத்துக்குத்தாம்மா அப்பாவக் குடுத்தோம்," என்றேன். "இன்னும் என்ன குடுக்கணும்?"

அதோடு அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போகிறார். நான் சாப்பிட்டேனா என்று பார்ப்பதற்கு மட்டும் மூடியைத் திறந்து பார்க்கிறார். அம்மா பயப்படுவது சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு நெஞ்சுவலி என்று பொய் சொன்னது அவர் வாய்தானே.

நான் யோசிக்காமல் இல்லை, அப்பா. நீங்கள் அந்த ஊரில் இன்னும் கிராணியாகத்தான் இருக்கிறீர்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் சங்கிலியோடு நிற்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மருந்தடிக்கிற மாரிமுத்து ஆகிவிடுவீர்கள். உங்களுக்கு அது இரண்டாவது தடவை சாவது போல இருக்குமோ? இதைக் கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. நீங்களோ அன்றைக்கே தண்ணீர் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

ஆனால் லோகா அக்காவின் தம்பியைப் போன வாரம் பார்த்தேன். கடைக்கு வந்திருந்தான். கன்னம் நிரம்பி, பசிக்கிறது என்று சொல்லி, இரண்டு ரொட்டி சானாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்தக் கன்னம் எனக்குத் தெரியும். அது எப்போது ஒட்டத் தொடங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் போகிறேன்.

சங்கிலி போட்ட படத்தை எடுத்துப்போக மாட்டேன். பாயின் மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் சுப்ரா அண்ணன் தன் போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கடை வாசலில் ஓசி டீயோடு நிற்கிறீர்கள். காலில் மண் பூட்ஸ், சட்டையில் களைக்கொல்லிக் கறை, முகம் மட்டும் நன்றாக இருக்கிறது. கம்பெனி எந்த நாட்டுக்குக் கொடுத்தாலும் அந்த மாத்திரை மலேசியாக்காரர் உடம்பிலும் வேலை செய்யும் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

கூட்டத்தைப் பாருங்கள் என்று சித்தப்பாவுக்குச் செய்தி என் எண்ணிலிருந்து போகாது. லோகா அக்காவை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் என் குரலை இரண்டாவது தடவை கேட்பார். இந்தத் தடவை அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குரல் நடுங்கும், அழுகை வரும், பாதியில் நிறுத்த மாட்டேன். நாங்கள் ஏழைகள், மருந்து இருந்தும் என் அப்பா செத்துப்போனார் என்று உங்கள் முழுப் பெயரையும் உங்கள் வேலையையும் சொல்லித்தான் உட்காருவேன். அந்தப் பையனுக்கு மாத்திரை வருகிற வரைக்கும் எந்த மண்டபத்துக்குக் கூப்பிட்டாலும் போய் இதையே வாசிப்பேன்.

நீங்கள் ஏமாத்துக்காரி என்று சொன்ன
உங்கள் ஒரே மகள்,
கலைவாணி மாரிமுத்து